எதிர்ப்பும் பொறையும்: நோய் எதிர்ப்பியலில் ஒரு சொல்லாய்வு

நோயினின்று தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் மாந்தர் உடலில் இயல்பாகவே அமைந்துள்ளது. அவ்வாற்றலை ஆராயும் அறிவியல் துறையை 'நோய் எதிர்ப்பியல்' என்று தமிழில் வழங்குகிறோம். 'தடுப்பாற்றலியல்', 'நோய்த்தடைகாப்பியல்' என்னும் பெயர்களும் உள. எதிர்த்தல், தடுத்தல், காத்தல் என்னும் இம்மூன்று வினைகளும் மதிலையும் படையையும் நினைவூட்டுவன. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது 'எதிர்ப்பு சக்தி' என்னும் தொடர் வழங்காத வீடு தமிழகத்தில் இல்லை எனலாம். பகையை எதிர்க்கும் வலிமை ஒன்று உடலில் உண்டு, அது கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்பதே அத்தொடர் மக்கள் உள்ளத்தில் பதித்த கருத்து.

இக்கருத்து முற்றும் பிழை என்று யாம் கூற வரவில்லை. பாதியே உண்மை என்று கூற வருகிறோம். கடந்த முப்பது ஆண்டுகளில் இத்துறையில் நிகழ்ந்த ஆய்வுகளுள் பெரியன சில, உடல் எவ்வாறு எதிர்க்கிறது என்பதை விடுத்து, எதிர்க்க வல்லதாயிருந்தும் எவ்வாறு எதிர்க்காமல் அடங்கியிருக்கிறது என்பதையே பொருளாகக் கொண்டன. 2025ஆம் ஆண்டு மருத்துவத்திற்குரிய நோபல் பரிசும் அவ்வகை ஆய்வுக்கே வழங்கப்பெற்றது. அதனை விளக்குவதும், அதற்கேற்ற சொல் தமிழில் யாதென ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவச் செய்தியில் சொல்லாராய்ச்சி எற்றுக்கு எனின், அதற்குக் காரணம் உண்டு. லூபஸ் என்னும் நோயோ மூட்டழற்சியோ உற்ற ஒருவர், தமக்குத் தரப்பெறும் மருந்து 'எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது' எனக் கேட்டு அஞ்சி அதனைக் கைவிடுவதும், எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் என விற்கப்படும் பொடியைத் தேடிச் செல்வதும் யாம் நேரிற் கண்டவை. அவரை அவ்வழியிற் செலுத்தியது ஒரு சொல்லே.

மேலைநாட்டு மொழிகளில் வழங்கும் 'இம்யூனிட்டி' என்னும் பெயர் போர்க்களத்தில் பிறந்ததன்று. குடிமகன் அரசுக்குச் செய்யக் கடமைப்பட்ட பணியையும் செலுத்தக் கடமைப்பட்ட பொருளையும் இலத்தீன் மொழியார் 'மூனுஸ்' என்றனர். அதனினின்று விலக்குப் பெற்றவன் 'இம்யூனிஸ்' எனப்பட்டான். சோழர் கல்வெட்டுகளைப் பயின்றார்க்கு இதற்கு நேரான தமிழ்ச்சொல் உடனே தோன்றும். அஃது 'இறையிலி' என்பது. கோயிலுக்கு விடப்பட்ட நிலம் இறையிலி ஆனாற்போல, அம்மை ஒருமுறை வந்து போனவன் அந்நோய்க்கு மீண்டும் இறை செலுத்த வேண்டாதவன் ஆனான். படையென்னும் கருத்து பின்னர் வந்தது. இரசிய விலங்கியல் அறிஞர் மெச்னிகோவ் 1882ஆம் ஆண்டின் இறுதியில் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளவுயிரியுள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் அம்முள்ளைச் சூழ்ந்து உயிரணுக்கள் மொய்த்திருக்கக் கண்டு, அவை அயற்பொருளை விழுங்கும் காவலர் என்று துணிந்தார். அதன்பின் இத்துறையின் மொழி பெரும்பாலும் போர்மொழியாயிற்று. தமிழாக்கம் செய்தோர் சொல்லின் வேரை விட்டு, அது தம் காலத்தில் ஏற்றிருந்த பொருளைக் கொண்டனர்; அதனால் அப்போர்மொழியே நமக்கும் வந்து சேர்ந்தது.

காவலர் என்று கொண்டால், அவர் தம்மவரையும் பிறரையும் எவ்வாறு பிரித்தறிவர் என்னும் வினா எழும். இவ்வினாவை முதன்முதலில் சோதனைக்கு உட்படுத்தியவர் செருமானிய அறிஞர் பால் எர்லிக். 1900ஆம் ஆண்டை ஒட்டி, அவரும் அவர்தம் துணைவரும் ஓர் ஆட்டின் குருதியை மற்றோர் ஆட்டினுள் செலுத்தினர். பெற்ற ஆட்டின் ஊநீரில், வேற்றாட்டுச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் எதிர்ப்பொருள் தோன்றியது. தன் சிவப்பணுக்களைச் சிதைக்கும் எதிர்ப்பொருளோ தோன்றவில்லை. உடல் தனக்குத் தானே நஞ்சூட்டிக்கொள்ள வெருவுகிறது என எர்லிக் உரைத்தார். அவர் உரைத்தது ஒரு கருத்து. பின்வந்தோர் அதனை மாறா விதியாக்கி, தன்னையே தாக்கும் நோய் என ஒன்று இருத்தல் இயலாது என்று நெடுங்காலம் நம்பினர். 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்னும் பழமொழியை வழங்கும் நம் உழவர்க்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திராது.

அவ்வெருவுதல் பிறவியிலேயே அமைந்ததா, அன்றிப் பின்னர்க் கற்றுக்கொள்வதா? இதற்கு விடை ஒரு மாட்டுக்கொட்டிலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரே ஓவன், 1945ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஒரே சூலில் வளர்ந்த இரட்டைக் கன்றுகளைப் பற்றி எழுதினார். உருவிலும் பாலிலும் வேறுபட்ட அக்கன்றுகள் கருப்பையில் இருந்தபோது அவற்றின் குருதிக்குழாய்கள் இணைந்திருந்தன. வளர்ந்தபின்னும் ஒவ்வொன்றின் உடலிலும் மற்றதன் குருதியணுக்கள் கலந்தே ஓடின, எதிர்ப்பு எழவில்லை. இச்செய்தியை ஊன்றி நோக்கிய ஆசுதிரேலிய அறிஞர் பர்னெட், 'தான்' என்பதைக் கருப்பருவத்தில் உடல் கற்றுக்கொள்கிறது, அக்காலத்திற் கண்டதனைப் பின்னர் அயலென எண்ணாது என்று 1949இல் ஊகித்தார். இங்கிலாந்தில் மெடவாரும் பில்லிங்காம், பிரென்ட் ஆகியோரும் 1953இல் அதனை மெய்ப்பித்தனர். பழுப்பு நிறச் சுண்டெலியின் கருக்குஞ்சுக்கு வெள்ளெலியின் உயிரணுக்களைச் செலுத்தினர். அக்குஞ்சு பிறந்து வளர்ந்தபின் அவ்வெள்ளெலி இனத்தின் தோலை அதன்மேல் ஒட்டவைத்தனர். பிற எலிகள் இத்தகைய ஒட்டைச் சில நாளில் உதறிவிடும். இதுவோ பழுப்பு உடலில் வெண்மயிர்த் திட்டுடன் இனிதே வாழ்ந்தது. மெடவார் இவ்வாய்வில் இறங்கியது வெறும் அறிவு வேட்கையால் அன்று. உலகப்போர்க் காலத்தில் தீப்புண் பட்டோர்க்கு வைத்த பிறர்தோல் ஒட்டு நில்லாமல் அழிந்ததைக் கிளாசுகோ மருத்துவமனையில் கண்டவர் அவர். பர்னெட்டும் மெடவாரும் 1960இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வாறு கற்கும் பள்ளி உடலில் எங்குள்ளது என்பது அடுத்து எழுந்த வினா. மார்பெலும்பின் பின்னே, நெஞ்சுப்பைக்கு மேலே தைமஸ் என்னும் உறுப்பு ஒன்று உண்டு. குழவிப் பருவத்தில் பெரிதாயிருந்து முதுமையில் சுருங்கிப்போகும் அதனைப் பயனற்றதெனவே மருத்துவ நூல்கள் ஒதுக்கியிருந்தன. 1961இல் இலண்டனில் ஆய்ந்த ஜாக்ஸ் மில்லர், பிறந்த சுண்டெலிக் குஞ்சின் தைமசை நீக்கினால் அது நோய்க்கு எளிதில் இரையாவதையும், அயல் தோலை மறுக்க மாட்டாது ஏற்பதையும் காட்டினார். எலும்பு மச்சையிற் பிறந்து தைமசில் முதிரும் வெள்ளணுக்கள், அவ்வுறுப்பின் முதலெழுத்தால் டி உயிரணுக்கள் எனப் பெயர் பெற்றன.

தைமசில் நடப்பது பயிற்சி என்பதைவிடத் தேர்வு என்பது பொருந்தும். அத்தேர்வு மிகக் கொடியது. டி உயிரணு ஒவ்வொன்றும் தன்மேல் ஓர் ஏற்பியை உடையது. அவ்வேற்பியின் வடிவம் மரபணுத் துண்டுகள் தற்செயலாகக் கூடுவதால் அமைவது. ஆதலின் எவ்வடிவமும் தோன்றலாம். தன் உடலின் பொருள்களோடு இறுகப் பற்றும் வடிவுடையவையும் தோன்றும். அத்தகையவை தைமசிலேயே மாய்க்கப்படுகின்றன. இங்கு ஓர் ஐயம் எழுதல் வேண்டும். இன்சுலின் கணையத்தில் ஊறுவது. நெஞ்சுக்குள் இருக்கும் தைமசில் நின்று தேர்வு எழுதும் உயிரணு, கணையத்துப் பொருளைக் கண்டு தெளிவது எவ்வாறு? 2002இல் இதற்கு வியக்கத்தக்க விடை கிடைத்தது. தைமசின் உட்பகுதியிலுள்ள சில உயிரணுக்களில் 'ஏர்' என்னும் மரபணு தொழிற்படுகிறது. அதன் ஏவலால் அவை கணையம், தைராய்டு முதலிய பல உறுப்புகளுக்கே உரிய புரதங்களைச் சிற்றளவில் தாமே ஆக்கிக் காட்டுகின்றன. ஊரிலுள்ளார் அனைவரின் முகங்களையும் ஓரறையில் தீட்டிவைத்து, 'இவரைத் தாக்குவாயோ' என வினவுவது போன்றது இது. அம்மரபணு பழுதுற்றுப் பிறந்த மக்களுக்குச் சுரப்பிகள் பல ஒன்றன்பின் ஒன்றாகத் தம் உடலாலேயே அழிக்கப்படுகின்றன.

இத்தோடு செய்தி முடிந்தது எனப் பலர் கருதினர். ஆயினும் எத்துணைக் கடிய தேர்விலும் தவறித் தேறுவார் சிலர் உண்டு. உடல்நலம் உடையார் குருதியிலும் தன்னைத் தாக்கவல்ல டி உயிரணுக்கள் உலவுகின்றன. அவை ஏன் வாளா இருக்கின்றன?

சப்பானில் நகோயா நகரின் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் நிசிசூகா, சகக்குரா என்னும் இருவர் 1969இல் ஒரு விந்தையைக் கண்டனர். பிறந்து மூன்றாம் நாளில் தைமசை நீக்கிய பெண் சுண்டெலிகளின் சூலகம் அழிந்துபோயிற்று. ஏழாம் நாளில் நீக்கினால் அவ்வாறு ஆகவில்லை. தாக்கும் அணுக்களுக்குப் பிறப்பிடம் தைமஸ்; அதனை நீக்கினால் தாக்குதல் குறையவேண்டுமேயன்றி மிகுதல் எவ்வாறு? ஒரு விளக்கமே பொருந்தும். தாக்கவல்லவை முதல் நாட்களிலேயே தைமசை விட்டு வெளியேறிவிடுகின்றன. அவற்றை அடக்குபவை சிறிது பிந்தி வெளியேறுகின்றன. மூன்றாம் நாளில் வாயிலை அடைத்தால் அடக்குபவை வாரா.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் கெர்சான் என்பார் 'அடக்கும் டி உயிரணு' என ஒன்று உண்டென்று எழுதினார். எழுபதுகளில் அப்பெயர் பெருவழக்காயிற்று. கட்டுரைகள் குவிந்தன, அடக்கும் அணுவை அடையாளங் காட்டும் மரபணுவின் இடமும் குறிக்கப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறை வந்தபோது, குறித்த அவ்விடத்தில் அத்தகைய மரபணு இல்லை என்பது வெளிப்பட்டது. கட்டடம் முழுதும் சரிந்தது. 'அடக்கும் உயிரணு' என்று சொல்லுதலே அறிஞர் அவையில் நாணத்தக்கதாயிற்று. ஒரு கொள்கை வீழ்ந்தபோது, அது விளக்க முயன்ற உண்மை நிகழ்ச்சியும் அதனோடு புதையுண்டது என்பதை ஈண்டுக் கருதுக. நகோயாவின் சுண்டெலிகள் பொய்யல்ல. அவற்றுக்கு வைத்த பெயர் மட்டுமே பழிப்புக்கு உள்ளாயிற்று.

அப்பழிப்பைப் பொருட்படுத்தாது உழைத்தவர் சிமோன் சகாகுச்சி. பட்டமேற்படிப்பை விட்டு நகோயாவுக்குச் சென்று அச்சுண்டெலிகளைக் கையாண்டவர் அவர். நலமுள்ள எலியின் டி உயிரணுக்களைச் செலுத்தினால் மூன்றாம் நாளில் தைமஸ் இழந்த எலி நோயினின்று தப்புவதைக் கண்டார். ஆகவே அடக்கும் அணு உண்டு. அதன் அடையாளந்தான் தெரியவில்லை. பத்தாண்டிற்கு மேலாகத் தேடி, 1995இல் அவர் அதனைக் கண்டார். துணைபுரியும் டி உயிரணுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து, சி.டி.25 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் தாங்கியிருந்தன. அப்பத்தை விலக்கி எஞ்சிய தொண்ணூற்றைத் தைமசற்ற எலிக்குச் செலுத்தினால், தைராய்டு, இரைப்பை, சூலகம் முதலிய பல உறுப்புகளில் தன்னெதிர்ப்பு நோய் தோன்றியது. அப்பத்தையும் உடன் செலுத்தினால் தோன்றவில்லை. பழைய பெயர் பழிபட்டதாகலின், இவ்வணுக்கள் 'நெறிப்படுத்தும் டி உயிரணுக்கள்' எனப் புதுப்பெயர் பெற்றன. அறிவியலார் சொல்லைப் பொருட்படுத்தார் என்று கூறுவார் இதனை நோக்குவாராக.

இதனோடு தொடர்பின்றி வேறொரு வழியில் வந்த கதையும் இவ்விடத்திலேயே வந்து கூடுகிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், கதிர்வீச்சின் விளைவை அறிய வளர்த்த சுண்டெலிகளிடையே, 1949இல் தோல் செதிலாகி உரியும் குஞ்சுகள் தாமே தோன்றின. ஆண் குஞ்சுகள் மட்டுமே நோயுற்றுச் சில கிழமைகளில் இறந்தன. ஆதலின் குறை எக்ஸ் குரோமோசோமில் உளதென அறிந்தனர். அவ்வெலியின் மரபை அழியாமல் பல பத்தாண்டுகள் காத்துவந்தனர். தொண்ணூறுகளில் வாசிங்டன் மாநிலத்தின் சிறு மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், அவ்வெலியின் டி உயிரணுக்களே அதன் உறுப்புகளைத் தாக்குகின்றன என்பது பற்றி, அதன் மரபணுக்குறையைத் தேட முனைந்தனர். இன்று சில நாளில் முடியும் அவ்வேலை அன்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. குரோமோசோமின் ஒரு பகுதியை ஏறத்தாழ ஐந்து இலட்சம் எழுத்துகள் அளவாகச் சுருக்கினர்; அதனுள் இருபது மரபணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாக நலமுள்ள எலியோடு ஒப்பிட்டுச் சென்றபோது, இருபதாவதும் இறுதியானதுமாகிய மரபணுவில் குறை தென்பட்டது. அதற்கு ஃபாக்ஸ்-பி3 என்று பெயரிட்டு 2001இல் வெளியிட்டனர்.

எலிக்கு உண்டானது மக்களுக்கும் உண்டோ என்று தேடியபோது, அரிய கொடுநோய் ஒன்று கிடைத்தது. பிறந்து சில மாதங்களுக்குள் ஆண்குழவிக்கு ஓயாத வயிற்றுப்போக்கும், தோற்புண்ணும், நீரிழிவும் ஒருங்கே தோன்றும். மருத்துவமின்றேல் பெரும்பாலும் உயிர் பிழையாது. அக்குழவிகளிடமும் ஃபாக்ஸ்-பி3 பழுதுற்றிருந்ததை அதே ஆண்டில் காட்டினர். கிருமி எதுவும் அக்குழவியைக் கொல்லவில்லை என்பதை உன்னுக. எதிர்ப்பு அதனிடம் நிறைந்திருந்தது. அதனை அடக்குவதற்கு ஒன்றும் இல்லாமையே அதன் நோய்.

2003இல் சகாகுச்சியின் குழுவும் வேறிரு குழுக்களும் இவ்விரு கதைகளையும் இணைத்தன. ஃபாக்ஸ்-பி3 என்பது நெறிப்படுத்தும் டி உயிரணுவை ஆக்கும் தலைமை மரபணு. சகாகுச்சி கண்ட அந்நூற்றுக்குப் பத்தை அத்தகையதாக்குவது அதுவே. பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவர்க்கும் 2025இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தைமசுக்கு வெளியே, உடலின் புறவெளியில் நிகழும் இவ்வடக்கத்தையே பரிசுக்குழு தன் அறிவிப்பிற் குறித்தது.

அக்குழு வழங்கிய 'டாலரன்ஸ்' என்னும் சொல்லுக்குத் தமிழ் யாது? 'சகிப்புத்தன்மை' என்பது வழக்கில் உண்டு. யாம் 'பொறை' என்பதனையே தெரிகிறோம். இலத்தீன் வேர்ச்சொல்லும் சுமத்தல், தாங்குதல் என்னும் பொருளது; தமிழிற் 'பொறு' என்னும் வேரும் அத்தகையது. பொறை என்பதற்குச் சுமை என்றும், பொறுமை என்றும், கருப்பம் என்றும் அகராதிகள் பொருள் கூறும். பிள்ளை பெறுதலைப் 'பொறையுயிர்த்தல்' என்பது இலக்கிய வழக்கு. மூன்றாம் பொருள் இங்கு வியப்புறப் பொருந்துகிறது. தாய் சுமக்கும் கருவின் மரபிற் பாதி தந்தையுடையது. தாயின் உடற்கு அஃது அயலே. வேற்றுத்தோலை உதறும் உடல் இவ்வயலை எவ்வாறு பத்துத் திங்கள் தாங்குகிறது என்று மெடவார் 1953இலேயே வினவினார். நெறிப்படுத்தும் அணுக்களை நீக்கிய பெண் சுண்டெலிகள், வேற்றினத் தந்தையின் கருவைத் தாங்கமாட்டாமல் இழந்தமையை 2004இல் காட்டினர். தாயின் பொறை ஈரிடத்தும் ஒன்றாதல் காண்க.

இனி மருத்துவப் பயனுக்கு வருவோம். பொறையைக் குலைத்துப் பயன் கொள்ளுதல் ஒரு வழி. பொறையை ஆக்கிப் பயன் கொள்ளுதல் மற்றொரு வழி.

முதலதில் மருத்துவம் நெடுந்தொலைவு சென்றுள்ளது. புற்று என்பது தன் உடலிற் பிறந்த கேடு. அது வளரும் இடத்தில் நெறிப்படுத்தும் அணுக்கள் வந்து குழுமி அதனைக் காக்கின்றன. டி உயிரணுவின் மேலுள்ள சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்னும் தடைப்புரதங்களும் எதிர்ப்பை நிறுத்துகின்றன. அத்தடையை எதிர்ப்பொருளால் மறைத்தால் டி உயிரணு புற்றைத் தாக்கும் என்று ஜேம்ஸ் அல்லிசன் 1996இல் சுண்டெலியிற் காட்டினார், பி.டி.-1ஐக் கண்டறிந்தவர் தசுகு ஹோஞ்சோ. இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். கருநிறத் தோற்புற்று உடலெங்கும் பரவியபின், ஓராண்டு வாழ்தல் அரிதாயிருந்த காலம் உண்டு. இவ்விரு தடைகளையும் ஒருங்கே நீக்கும் மருந்தேற்றவருள் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர் என 2024இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையும் எதிர்பார்க்கத்தக்கதே. குடலழற்சி, தைராய்டுக் கேடு, சிலர்க்கு நீரிழிவு, அரிதாக நெஞ்சுத்தசை அழற்சி ஆகியன தோன்றுகின்றன. வேலியைக் களைபறிக்க ஏவினோம். அது பயிரையும் சிறிது மேய்கிறது. ஃபாக்ஸ்-பி3 இழந்த குழவியின் நோயை ஓரளவு நாமே உண்டாக்குகிறோம் என்பதே இதன் பொருள்.

பொறையை ஆக்கும் வழி இன்னும் இளமையானது. முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் ஆக்கும் அணுக்களை டி உயிரணுக்கள் அழிக்கின்றன. நோய் வெளிப்படுமுன்னரே குருதிச் சோதனையால் அவ்வழிவு தொடங்கியதை அறியலாம். அவ்வாறு அறியப்பட்ட 76 பேரிடம் டெப்லிசுமாப் என்னும் எதிர்ப்பொருளை ஆய்ந்தனர். பதினான்கு நாள் அதனைப் பெற்றார்க்கு நோய் வெளிப்பட நடுமட்டமாக 48 திங்களும், பெறாதார்க்கு 24 திங்களும் ஆயின என்று 2019இல் அறிவித்தனர். 2022இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு இசைவளித்தது. ஒரு சிறுவனுக்கு ஊசியில்லாத இரண்டாண்டுகள் சிறிய பேறாகா. இருப்பினும் நோய் தள்ளிப்போயிற்றேயன்றி நீங்கவில்லை. நோயாளியின் நெறிப்படுத்தும் அணுக்களையே எடுத்து வெளியே பெருக்கித் திரும்பச் செலுத்தும் முயற்சியும் இந்நோயில் நடந்தது. தீங்கில்லை என்பது தெளிவாயிற்று, பயன் இன்னும் நிறுவப்படவில்லை.

லூபஸ் நோயில் செருமனியின் எர்லாங்கன் நகர மருத்துவர் எடுத்த வழி வேறு. நோயாளியின் டி உயிரணுக்களை வெளியே எடுத்து, எதிர்ப்பொருள் ஆக்கும் பி உயிரணுக்களைத் தேடி அழிக்குமாறு அவற்றின் மரபை மாற்றித் திரும்பச் செலுத்தினர். குருதிப் புற்றுக்கு அமைந்த முறையை இதற்கு மாற்றிக்கொண்டனர் எனலாம். பிற மருந்துகளுக்கு அடங்காத ஐவர் நோய் தணிந்து மருந்தின்றி வாழ்ந்தமையை 2022இல் வெளியிட்டனர். 2024இல் லூபசும் அதனையொத்த நோய்களும் உற்ற பதினைவர் பற்றிய செய்தி வந்தது. சில திங்களில் பி உயிரணுக்கள் புதியனவாகத் திரும்பப் பிறந்தன. ஆயினும் நோய் அவற்றோடு திரும்பவில்லை. பதினைவர் என்பது சிறு தொகை. முறையோ பெரும் பொருட்செலவுடையது. எனினும் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும் என்று சொல்லப்பட்டார்க்கு இச்செய்தி எத்தகையது என்பதை எழுதத் தேவையில்லை.

யாம் மிகவும் கருதத்தக்கதாக எண்ணுவது சப்பானின் ஒக்கைடோ பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சோதனை. 2016இல் வெளிவந்த அவ்வாய்வில், உறவினரிடமிருந்து கல்லீரற் பகுதி பெற்ற பத்துப் பேர் பங்கேற்றனர். பெறுவோரின் வெள்ளணுக்களைக் கொடுத்தவரின் அணுக்களோடு இரு கிழமை சேர்த்து வளர்த்து, நெறிப்படுத்தும் அணுக்கள் மிகுமாறு செய்து, மீண்டும் உடலிற் செலுத்தினர். பின்னர் எதிர்ப்படக்கும் மருந்துகளைச் சிறிது சிறிதாகக் குறைத்தனர். பதின்மருள் எழுவர் மருந்தை முற்றும் நிறுத்தியும் புதிய கல்லீரலோடு வாழ்ந்தனர். மருந்தை நிறுத்த இயலாத மூவரும் முன்னரே தன்னெதிர்ப்பு நோயால் தம் கல்லீரலை இழந்தவர்கள். தன்னையே பொறுக்காத உடல் அயலைப் பொறுக்கவில்லை.

இவ்வளவு அரிய கருவிகள் இன்றியும் பொறை வளர்தற்கு ஒரு சான்று உண்டு. நிலக்கடலை ஒவ்வாமை மேலைநாட்டுக் குழந்தைகளிடம் பெருகியபோது, மூன்று அகவை வரை அதனைக் கொடாதிருத்தல் நன்று என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 2000ஆம் ஆண்டில் அறிவுரை கூறினர். ஒவ்வாமையோ குறையவில்லை. இலண்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் இவ்வொவ்வாமை, இசுரேலில் வாழும் யூதக் குழந்தைகளிடம் உள்ளதைப்போற் பத்து மடங்கு இருந்தமையையும், இசுரேலில் கைக்குழவிக்கே கடலைத் தின்பண்டம் ஊட்டுவதையும் இலண்டன் அறிஞர் கண்டனர். ஒவ்வாமைக்கு இடமுள்ள 640 குழவிகளை இரு கூறாக்கிச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். ஐந்தாம் அகவையில், கடலையை விலக்கியவருள் நூற்றுக்கு 17 பேர்க்கும், உண்டவருள் நூற்றுக்கு 3 பேர்க்கும் ஒவ்வாமை இருந்தது. அறிவுரை தலைகீழாயிற்று. வாய்வழி வந்ததனை உடல் உணவென்று பொறுக்கக் கற்கிறது. விலக்கி வைத்ததனைப் பகையென்று கொள்ள நேர்கிறது. ஒவ்வாமை முன்னரே தோன்றிவிட்ட குழந்தைக்குத் தாமே ஊட்டிப் பார்த்தல் உயிர்க்கு ஊறாகும் என்பதையும் உடன் கூறிவிடுகிறோம்.

சொல்லுக்குத் திரும்புவோம். நெறிப்படுத்தும் டி உயிரணு என்பது நீண்ட பெயர். 'அடக்கணு' எனின் வீழ்ந்த கொள்கையின் நிழல் படியும். 'பொறையணு' எனலாம் என்பது எம் கருத்து. பொறை என்பது வாளா இருத்தல். இவ்வணுவோ ஓயாது தொழிற்படுவது. ஆதலின் பொருந்தாது எனச் சிலர் மறுப்பர். சுமத்தல் வாளா இருத்தலாமோ என்று அவரை வினவுவோம். இன்னொரு மறுப்பு வலியுடையது. மருத்துவர் இன்று பெரும்பாலார்க்குத் தரும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் பொறையை ஆக்குவன அல்ல; நல்லதும் தீயதுமாகிய எதிர்ப்பு அனைத்தையும் ஒருங்கே தணிப்பன. அவற்றைப் 'பொறை மருந்து' என்றால் நோயாளியை ஏய்த்ததாகும். காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்னும் எச்சரிக்கை அப்பெயரில் மறைந்துபோம். அவற்றுக்கு 'எதிர்ப்புத் தணிப்பான்' என்னும் பெயரே தகும். பொறையென்னும் பெயரை, தான் வேண்டும் ஒன்றை மட்டும் உடல் தாங்குமாறு செய்து, கிருமியை எதிர்க்கும் ஆற்றலை ஊறின்றி விட்டுவைக்கும் மருந்துக்கென ஒதுக்கி வைத்தல் நன்று. ஒக்கைடோவின் எழுவர் பெற்றது அதனை ஒட்டி வருகிறது. கலைச்சொல் தொகுக்கும் அறிஞர் இவ்விரண்டையும் ஒரே பதிவின்கீழ் அடைக்காதிருக்க வேண்டுகிறோம்.